சுப்பன் பேச்சு

எங்கள் ஊர்ப் பேச்சை நான் முதன்முதலாக ரேடியோவில் கேட்டது ஒரு கோமாளியின் வாயிலிருந்து. அவன் பெயர் சுப்பன். வியாழக்கிழமை சாயங்காலம் பட்டணத்து நிலையத்தில் 'தறிச் சத்தம்' என்று நெசவாளர்களுக்காக ஒரு நிகழ்ச்சி போடுவார்கள். அதில் ஓர் அதிகாரி வருவார், அச்சடித்த மாதிரி பேசுவார். அவருக்கு எதிரில் தறிக்காரன் சுப்பன் வருவான். "இன்னா சாமி, நெய்துகினே இருந்தனா, அப்டியே தூங்கிட்டேன்" என்பான். உடனே நாலு பேர் கலகலவென்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கென்றே ஆட்களை மைக் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

சுப்பனுக்கு எதுவுமே தெரியாது. சாயத்தை மாற்றிப் போடுவான், நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிக்குப் போகவேண்டியவன் சினிமாக் கொட்டகைக்குப் போவான். அதிகாரி பொறுமையாகத் திருத்துவார். ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் எங்கள் தெருவில் ரேடியோ இல்லாத தறிவீடு கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வேணுகோபால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது.

என் சிரிப்பு நின்றது நூல் தட்டுப்பாட்டின்போது. ஆடி மாதம் பிறந்தும் சொசைட்டியில் பட்டு நூல் வரவில்லை. அக்கம்பக்கத்தில் அஞ்சாறு தறி சும்மா கிடந்தது. எங்கள் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த நூல்தான் கடைசிப் பாவு. நூல் எப்போது வரும் என்று கேட்டுவர வேணுகோபால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்.

இன்னா விஷயம் என்று கேட்டேன். சொசைட்டி கிளார்க் அருணகிரி அச்சு அசலாகச் சுப்பன் மாதிரியே பேசினாராம். இவர் "நூலு இன்னும் வர்லீங்களா" என்று கேட்டிருக்கிறார். அருணகிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இன்னா சாமி, நூலு வந்துகினே கீது, தூங்கிட்ச்சி போல" என்றிருக்கிறார். ஆபீசில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

"சரி, நூலு எப்ப வருதாம்?" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கேட்க மறந்துவிட்டு வந்திருக்கிறார். மறக்கவும் இல்லை. இரண்டாம் தடவை கேட்டால் இரண்டாம் தடவையும் சிரிப்பார்கள் என்று வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ராத்திரி ரேடியோவின் காதைத் திருகி அணைத்து மூலையில் வைத்தேன்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள், வேணுகோபால் மறுபடி எடுத்துப் போட்ட அந்த ரேடியோவே எனக்கு ஒரு வழி காட்டியது. 'தறிச் சத்தம்' நிகழ்ச்சிக்குப் பெண் குரல் தேவை, நெசவுக் குடும்பத்துப் பெண்களும் குரல் தேர்வுக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு அப்புறம் செய்தி வாசித்தவள். சுப்பன் பக்கத்தில் ஒழுங்காக யோசிக்கிற ஒரு பொம்பளை வந்து நின்றால் போதும், அருணகிரி வாய் தானாக மூடும் என்று நினைத்தேன். எங்கள் பேச்சில் ஒருத்தர் ரேடியோவில் பேசி, யாரும் சிரிக்காமல் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வேணுகோபாலைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன். நிலையத்தில் ஒரு குளிர்ந்த அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நேமிநாதன் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் பேசிய தமிழும் இஸ்திரி போட்டதுதான், ஒரு மடிப்புக்கூட இல்லை.

வாசிக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அங்கேதான் நான் சொதப்பினேன். எங்கள் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதனால் தறியில் இரண்டு பேர் உட்காருவோம். அவர் நெய்ய, கரைக்கான நூல் கோத்த நாடாவை நான் கரைப் பக்கம் போடுவேன். தறி அடிக்கிற சத்தத்தில் பேசினால் ஒன்றும் காதில் விழாது. இரண்டு அடிக்கு நடுவில் நாலு வார்த்தை பேசி, அடி விழும்போது நிறுத்தி, மறுபடி நாலு வார்த்தை பேசுவோம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் சண்டை சமாதானம் எல்லாம் இந்தக் கணக்கில்தான். அந்தச் சத்தமில்லாத அறையில் நாலு வார்த்தை வாசித்துவிட்டு என்னை அறியாமல் அடிக்காகக் காத்திருந்தேன். அடி எங்கிருந்து வரும்? நேமிநாதன் இரண்டு முறை கண்ணாடியைத் தட்டி, ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அவர் மரியாதையாகத்தான் பேசினார். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் பேச்சில் ஊர் வாடை அதிகம், வாசிப்புக்கு ஒத்துவராது என்றார். ஒத்துவருகிற இடம் ஒன்று இருக்கிறதாம். சுப்பனுக்குச் சின்னபொண்ணு என்று ஒரு மனைவியைக் கொண்டுவரப் போகிறார்கள். சுப்பனைவிடப் பெரிய அசடு. என் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு அந்த வேஷத்தைப் பண்ணலாம், கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்றார். வேணுகோபால் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு மலரவில்லை. சின்னபொண்ணு வேண்டாம், அதிகாரி பேசுகிற விஷயத்தை நான் பேசுகிறேன், என் பேச்சிலேயே பேசுகிறேன் என்றேன். நேமிநாதன் தலையை ஆட்டினார். தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற நிலையம், உங்கள் பேச்சு மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்றார்.

"சுப்பன் பேசறது புரியுதா சார்?"

"அது நகைச்சுவை."

"சிரிக்கறதுக்குப் புரியுது, கேக்கறதுக்கு மட்டும் புரியாதா?"

அவர் தாளை மடித்துக்கொண்டார். பேச்சைத் திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது ஆற்காடு வரைக்கும் வேணுகோபால் என்னிடம் பேசவில்லை. ரேடியோவில் பேர் வரும் என்று கூப்பிட்டு வேஷம் கொடுக்கிறான், வேண்டாம் என்று வருகிறாளே என்று அவருக்குப் பேஜார். ஆற்காட்டில் ஒரு டீ குடித்த பிறகு, "இன்னாமே, நீ சொன்னதும் ஞாயந்தான்" என்றார். அவர் கோபம் எப்போதும் ஒரு டீ வரைக்கும்தான்.

நான் விடுகிறவள் இல்லை. திருத்திக்கொண்டு வா என்றாரே, திருத்திக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். காலையிலும் மத்தியானமும் செய்தி வாசிப்பவர் ஒரு வரி சொல்ல, நாடாவைப் போட்டபடி நான் ஒரு வரி சொல்வேன். கார்த்திகைக்குள் எனக்கு அந்தத் தமிழ் வாயில் உட்கார்ந்துவிட்டது. ஒருநாள், "உணவு ஆயத்தமாக உள்ளது, வாருங்கள்" என்றேன். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று வேணுகோபால் வாசலைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜெயவேல், இந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற சாக்கில் வந்து உட்காருவார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்தத் தமிழில் எனக்குக் கோபப்பட வரவில்லை. சரிகை அறுந்து, வேணுகோபால் கவனிக்காமல் மேலே மேலே நெய்துகொண்டு போனபோது, "கவனமாக இருங்கள், சரிகை அறுந்துவிட்டது" என்றேன். அவர் நிறுத்தவேயில்லை. "யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது" என்று கத்தினேன். தறி நின்றது. என் பேச்சில் கேட்டால் ஒரு மனுஷன் நிற்கிறான், அந்தப் பேச்சில் கேட்டால் நிற்கமாட்டேன் என்கிறான். எதைக் கேட்கப் போகிறேனோ அதை எந்தப் பேச்சில் கேட்கவேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. திருத்தியதை எல்லாம் அங்கேயே விட்டேன்.

நடுவில் கொஞ்சம் நூல் வந்து, தை மாதம் மறுபடி தட்டுப்பாடு வந்தபோது நிலையத்து வேன் ஆரணிக்கு வந்தது. சுப்பன் நேராக நெசவு ஊருக்கே வந்து தறிக்காரர்களைச் சந்திக்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சி பண்ணப் போகிறார்களாம். சொசைட்டிக்காரர்கள் காட்டிய வீடுகளில் எங்கள் வீட்டில் பதிவு பண்ணலாம் என்றார்கள். காற்றோட்டம், வெளிச்சம், வேன் நிறுத்த இடம் மூன்றும் இருந்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. நேமிநாதன், ஒலிப்பதிவுக்காரர், சுப்பன் வேஷம் கட்டுகிற சம்பந்தம் என்று மூன்று பேர் இறங்கினார்கள். சம்பந்தம் நல்ல மனுஷர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தறியைத் தொடலாமா என்று கேட்டுத்தான் தொட்டார். பிறந்து வளர்ந்தது மயிலாப்பூராம். நேமிநாதனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "நீங்களா?" என்று மட்டும் சொன்னார்.

பதிவு ஆரம்பித்தது. சம்பந்தம் மைக்கைப் பிடித்து, "இன்னாபா ஜெயவேலு, எப்டி கீற? தொழிலு எப்டி போய்கினு கீது?" என்றார். அப்படியே எங்கள் தெருப் பேச்சு. எங்கள் ஜெயவேல், பொழுது விடிந்தால் தெருவே அதிரப் பேசுகிறவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். எங்கள் தொழில் சிறப்பாக நடைபெற்று வருகிறது" என்றார்.

அடுத்தவரும் வணக்கம் சொன்னார், நலமாக இருந்தார், அவருக்கும் தொழில் சிறப்பாக நடைபெற்றது. அவர் தறி போன வாரத்திலிருந்து பாவு இல்லாமல் கிடந்தது. அப்புறம் என் வீட்டுக்காரர். மைக்கைப் பார்த்துக் கும்பிட்டு, "நெசவுத் தொழிலுக்கு ஊக்கமளிக்கும் அனைவருக்கும் நன்றி" என்றார். அதை எந்தக் கூட்டத்தில் கேட்டு வைத்திருந்தாரோ தெரியாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் எங்கள் பேச்சைப் பேசியவர் ஒரே ஒருத்தர், அவர் மயிலாப்பூர்க்காரர். ரேடியோ என்றால் அப்படித்தான் பேசவேண்டும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் பேச்சு சுப்பனுக்கு என்று தானாகவே விட்டுக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நேமிநாதனுக்கே அலுத்துவிட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று மேற்கே பார்த்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி மேற்கே பார்த்தார். அப்புறம் சொசைட்டி ஆளிடம் தணிந்த குரலில், இப்போதே ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்று கேட்டார். எட்டு மணிக்கு ஓட்டலில் சொல்லி வைத்திருக்கிறோம் சார் என்றான் அவன். இல்லை, அப்போது வேண்டாம், ஒரு வாழைப்பழம் இருந்தாலும் போதும் என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிறவர்கள் நயினார் வீட்டுக்காரர்கள், ஜைனர்கள். ஆரணியைச் சுற்றி எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். இருட்டின பிறகு அவர்கள் பல்லில் பருக்கை படாது. நேமிநாதன் என்ற பெயரைக் கேட்டபோதே எனக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும். அந்த இஸ்திரித் தமிழ் என் கண்ணை மறைத்துவிட்டது.

உள்ளே போய் ஜல்தியாக இலை போட்டேன். நல்லவேளை, அன்றைக்கு வெங்காயம் பூண்டு இல்லாத புடலங்காய்க் கூட்டும் ரசமும் இருந்தது. வடிகட்டாத தண்ணீரை அவர்கள் குடிப்பதில்லை என்று, வெள்ளைத் துணியைச் சொம்பின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டி, அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அந்தத் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எந்த ஊருங்க சார்?" என்றேன்.

"சென்னை."

"அதுக்கு முன்ன?"

ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தார். "பெரணமல்லூர் பக்கம்" என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர். நான் இன்னும் கொஞ்சம் கூட்டு வைத்தேன். அவராகத்தான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வாயைத் திறந்தால் ஆபீசே சிரிக்குமாம். மேலதிகாரி ஒருத்தர், வெளியாட்கள் வரும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொல்லி வேடிக்கை காட்டுவாராம். இரண்டு வருஷம் கஷ்டப்பட்டுப் பேச்சை மாற்றியிருக்கிறார். இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் அந்தப் பேச்சுதான் வரும் என்றார்.

"அம்மா இருக்காங்களா சார்?"

"இருக்கிறார்கள். அனந்தம்மாள் என்று பெயர். பெரணமல்லூரில்தான்." சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "போனால் 'வாங்க, உக்காருங்க' என்கிறார்கள். நான் பேசுகிற பேச்சுக்கு, 'வாடா' என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. அம்மா என்னைத் திட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தோடு இரக்கமாக விட்டுவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்றும் தெரிந்தது. அவர் கையைக் கழுவி வரும்வரை காத்திருந்தேன்.

"சார், நான் பேசறேன். எம் பேச்சுலயே பேசறேன். தறில உக்காந்துகினுதான் பேசுவேன், சும்மா உக்கார வெச்சா எனக்கு வராது, நீங்களே பாத்தீங்க. ஆனா நடுவுல சிரிப்பு சேக்கக்கூடாது. சேப்பீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் போயி பாத்திரம் கழுவறேன்."

அது தன் கையில் மட்டும் இல்லை, மேலே இருப்பவர்கள் கேட்பார்கள், தனக்கு விளக்கம் எழுதச் சொல்லி ஓலை வரும் என்று என்னென்னவோ சொன்னார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். நான் பாத்திரத்தை எடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒலிப்பதிவுக்காரரைக் கூப்பிட்டு மைக்கைத் தறிக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார்.

வேணுகோபால் நெய்ய ஆரம்பித்தார். நாலு அடியில் பழைய ஓட்டத்துக்கு வந்தார். நான் கரைப் பக்கம் நாடாவைப் போட்டேன். அடி விழுந்தது. பேச ஆரம்பித்தேன்.

"எம் பேரு தேவகிங்க. ஆரணி சேவூரு. இவரு நெய்யறாரு, நானு கரைக்கு நாடா போட்டுகினு இருக்கறேன். ரேடியோவுல சுப்பன் வராரு. நல்லாதான் பேசறாரு, நாங்களும் சிரிச்சிகினுதான் இருந்தோம். இப்ப சொசைட்டிக்குப் போயி, நூலு ஏன் வர்லன்னு கேட்டா, அங்கயும் சிரிக்கறாங்க. நாங்க இன்னா கேட்டோம்ன்றது யாரு காதுலயும் உழல. இங்க அஞ்சாறு ஊட்ல தறி சும்மா கெடக்குது. எங்க தறில இதான் கடைசிப் பாவு. இத நெய்து அறுத்துட்டா நாளைக்கி இந்தச் சத்தமும் கெடையாது. நாங்க பேசறது இப்டிதாங்க. எங்கம்மா பேசனது, எங்கப்பா பேசனது. சிரிப்பு வந்தா சிரிங்க. சிரிச்சி முடிச்சிட்டு பதிலு சொல்லுங்க."

நாலு வார்த்தைக்கு ஓர் அடி விழுந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்தியபோது தறியும் நின்றது. வேணுகோபால் என்னைப் பார்க்காமல் நெய்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சம்பந்தம் சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றிருந்தார். போகும்போது என்னிடம் வந்து, "நான் செய்தது தப்பா அம்மா?" என்று கேட்டார். தப்பில்லை, ஆனால் நீங்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் தப்பு என்றேன். நேமிநாதன் வேனில் ஏறினார். போடுவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை, சொசைட்டி வாசலில் ரேடியோவை மேஜைமேல் வைத்தார்கள். ஆரணி நிகழ்ச்சி என்பதால் தெருவே திரண்டுவிட்டது. அருணகிரி நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். சிரிப்பைச் சேர்த்திருந்தால் அன்றோடு நான் தேவகி இல்லை, ஆயுசுக்கும் சின்னபொண்ணுதான். சேவூரில் அந்தப் பெயரோடுதான் வாழவேண்டியிருக்கும்.

சுப்பன் வந்தான். பஸ்ஸைத் தவறவிட்டான், மாட்டு வண்டியில் ஏறினான். ரேடியோவுக்குள் சிரித்தார்கள், வெளியிலும் சிரித்தார்கள். ஜெயவேலும் மற்றவர்களும் வணக்கம் சொல்லி நலமாக இருந்தார்கள். அப்புறம் தறிச் சத்தம் கேட்டது, எங்கள் தறிதான், அந்த அடி எனக்குத் தெரியும். அதற்கு நடுவில் என் குரல் வந்தது.

"போட்டுகினு இருக்கறேன்" என்று வந்த இடத்தில் கூட்டத்தில் நாலைந்து பேர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார்கள். ரேடியோவிலிருந்து துணைச் சிரிப்பு வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. தறி அடித்தது. என் குரல் அடுத்த நாலு வார்த்தையைச் சொன்னது. திறந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிவரைக்கும் யாரும் இருமக்கூட இல்லை. நூலைப் பற்றி வந்தபோது எல்லோரும் திரும்பி அருணகிரியைப் பார்த்தார்கள். அவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தறிச் சத்தம் நின்றதும் வழக்கம்போல, தயாரிப்பு நேமிநாதன் என்று ஒரு வரி வரும், அதோடு முடியும். அன்றைக்குக் கொஞ்சம் தாமதமானது. அப்புறம் அவர் குரல் வந்தது.

"இவ்ளோ நேரம் பேசிகினு இருந்தவங்க ஆரணி சேவூரு தேவகி. கேட்டுகினு இருந்தவன் பெரணமல்லூரு நேமிநாதன்."

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், "அடேய், நம்ம பக்கத்து ஆளுடா" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கேட்டது சிரிப்பு சேர்க்காதே என்பது மட்டும்தான். அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார். வேணுகோபால் என் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நேமிநாதன் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். வேன் இல்லை, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரணமல்லூரிலிருந்து திரும்பி வருகிறாராம். வேணுகோபால் அப்போதுதான் சொசைட்டிக்குப் போயிருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நிலையத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றார். இப்படி இன்னொன்று போட்டால் நிகழ்ச்சியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். நாலு ஊரிலிருந்து ஆட்சேபணை வந்ததாம், இன்னொன்று எப்போது என்று கேட்டும் பல ஊரிலிருந்து வந்ததாம். சுப்பனை நிறுத்தமாட்டார்கள், அது மட்டும் நிச்சயம் என்றார்.

"அம்மா கேட்டாங்களா சார்?"

அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. "நேத்து பஸ்ஸு லேட்டு. போய்ச் சேரும்போது இருட்டிப்போச்சி. வாசப்படியிலயே நிறுத்திட்டாங்க. 'ஏண்டா, ரேடியோல அவ்ளோ பேசறியே, பொழுதோட வந்து சோறு துன்னணும்னு தெரியாது? கெட பட்டினி'ன்னு ஒரே திட்டு." சொல்லும்போதே சிரித்துவிட்டார். "ராத்திரி முழுக்கப் பட்டினிதான்."

அவர் என்னிடம் எந்தப் பேச்சில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கே தெரிந்ததோ இல்லையோ, நான் சுட்டிக் காட்டவில்லை. அடுத்தது எப்போது பதிவு என்று மட்டும் கேட்டேன். விளக்கம் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். போட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். இந்தத் தடவை ஜெயவேலையும் பேச வைக்கிறேன், வணக்கம் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. வேணுகோபால் இறங்கினார். பின்னால் கேரியரில் நூல் மூட்டை கட்டியிருந்தது. அவிழ்த்து உள்ளே கொண்டுவந்து தறிப் பக்கத்தில் இறக்கினார். நேமிநாதனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அருணகிரி இன்னா சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. நூலு வந்துட்ச்சாங்கன்னு கேட்டேன். எடுத்துக் குடுத்துட்டாரு."